தோட்டா தட்டுப்பாடு: காத்திருப்பதா, காற்றுத் துப்பாக்கிக்கு மாறுவதா?

வெளிநாட்டுத் தோட்டாவை நம்பிச் சுடுகிறவர்களுக்கு 2020-க்கு அப்புறம் நிம்மதி போய்விட்டது. முதலில் கொரோனா வந்து கப்பலையும் விமானத்தையும் நிறுத்தியது. அதே சமயம் அமெரிக்காவில் ஜனங்கள் கடை கடையாக ஏறி இறங்கித் தோட்டாவை அள்ளி வீட்டில் அடுக்கினார்கள். அந்த வேகம் தணிவதற்குள் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். பீரங்கிக் குண்டுக்கும் நம்முடைய குட்டித் தோட்டாவுக்கும் மருந்து ஒரே வம்சம்தான், நைட்ரோசெல்லுலோஸ். போர்க்காலத்தில் அது பட்டாளத்துக்குப் போன மிச்சம்தான் விளையாட்டுக்கு. இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ், பின்லாந்துப் பெயர் தாங்கிய லாபுவா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள்தான் உலகம் பூராவுக்கும் போட்டித் தரத் தோட்டாவைச் செய்கின்றன. அங்கே ஒருவர் தும்மினால் இங்கே பாளையங்கோட்டையில் சளி பிடிக்கும்.

திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு இதில் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. தோட்டா வெடிபொருள் வகையில் வருகிற சரக்கு. ஆன்லைனில் ஆர்டர் போட்டு கூரியரில் வரவழைக்கிற சங்கதி இல்லை. லைசென்ஸ் உள்ள கடைக்கு நேரில் போய், லைசென்ஸ் புத்தகத்தை நீட்டி, அதில் எந்த போர் (குழல் விட்டம்) எழுதியிருக்கிறதோ அந்த போருக்கு மட்டும், அனுமதித்த எண்ணிக்கைக்குள் வாங்கி, பதிவு போட்டுக்கொண்டு வரவேண்டும். இறக்குமதிச் சரக்கு டெல்லி, மும்பை, சென்னை என்று கைமாறிக் கோவில்பட்டி தாண்டி வரும்போது பெட்டி பாதி காலி. கடையில் நடக்கிற பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்.

"அண்ணாச்சி, சரக்கு வந்துட்டா?"

"வந்தா ஒங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன் தம்பி? இப்பதைக்கு வேற கம்பெனி ரெண்டு பாக்கெட் கெடக்கு. வேணும்னா தாரேன்."

அந்த இரண்டு பாக்கெட்டை வாங்குவதா, வேண்டாமா? அதைத்தான் இங்கே அலசப் போகிறேன். பொழுதுபோக்காகவும், மாவட்ட, மாநிலப் போட்டி ஆசையோடும் .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைஃபிளும் பிஸ்டலும் சுடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கடையம், களக்காடு பக்கம் காட்டுப் பன்றிக்குப் பயந்து பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வருஷத்துக்குச் சில தோட்டா போதும், தட்டுப்பாடு தெரியவே தெரியாது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. சுடுவதில் தோட்டா இல்லாமல் கற்க முடியாத விஷயம் எது, தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுபோலக் கற்கக் கூடியது எது? நிற்கும் நிலை, தோளில் வைக்கிற வாகு, மூச்சு, குறியில் கண், விரல் அழுத்தம், சுட்ட பிறகும் அசையாமல் நிற்பது எல்லாம் இரண்டாவது வகை. சைட்டை (குறி பார்க்கிற அமைப்பை) சரிக்கட்டுவது, காற்றைப் படிப்பது, உதைப்பைத் தாங்கி அடுத்த குண்டுக்குத் திரும்புவது, போட்டி நாளின் படபடப்பு மட்டுமே முதல் வகை. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகைப் பயிற்சிக்குத்தான் பெட்டி பெட்டியாகத் தோட்டாவை எரிக்கிறோம். தட்டுப்பாடு வரும்போது வலிப்பதற்கு அதுவே பாதிக் காரணம் என்பது என் கட்சி.

வாங்கிப் பதுக்கலாமா?

சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்வது தப்பில்லை. லைசென்ஸில் ஒரு தடவைக்கு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கும், அதுதான் உச்சவரம்பு. போட்டிக்குத் தகுதிபெற்ற வீரர்களுக்குக் கூடுதல் அளவு உண்டு. ஆனால் அதற்குத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாகத் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைச் சுடுநருக்கு அது எட்டாக்கனி.

கையிருப்பின் சிக்கல் நம் ஊர் வெயில். போட்டித் தோட்டாவின் ஈய முனையில் மெழுகு போல ஓர் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அது குழலுக்குள் ஈயம் ஒட்டாமல் காப்பது. மே மாதப் பாளையங்கோட்டையில் காருக்குள் பெட்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அது இளகி வழிந்து, தூசியை வாரிப் பூசிக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்தத் தோட்டா குழலுக்குள் உப்புத்தாள் வேலை பார்க்கும். பரணும் ஆகாது, ஓட்டு வீட்டுப் பரணில் மத்தியானம் அடிக்கிற சூடு சொல்லி மாளாது. கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டாத இரும்புப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, துப்பாக்கியை வைத்த பெட்டிக்கு வேறான பூட்டில் வையுங்கள். இப்படி வைத்தால் பல வருஷம் தாங்கும்.

ஆக, கையிருப்பு நல்லதுதான், ஆனால் அது தீர்வில்லை. தட்டுப்பாடு ஆரம்பித்த பிறகு கூடுதல் விலை கொடுத்துப் பதுக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. விலை ஏறுவதற்கு அந்தப் பதற்றமே ஒரு காரணம்.

வேறு கம்பெனிக்கு மாறுவது

அண்ணாச்சி நீட்டின அந்த இரண்டு பாக்கெட். இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

50 மீட்டர் ரைஃபிள் குறிப்பலகையில் பத்தாவது வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அதாவது உங்கள் துப்பாக்கியைப் பிடிமேடையில் இறுக்கி வைத்துச் சுட்டு, பத்துக் குண்டும் 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் அந்தத் தோட்டா பத்தே போடக்கூடிய தோட்டா. ஈலி டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர் 50 மாதிரி உச்ச ரகம் அதற்கு ரொம்பக் கீழே அடக்கும். எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் மாதிரி நடு ரகமே நல்ல குழலில் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள் நிற்கும். கையில் ஆடுகிற நம்முடைய ஆட்டம் அதைவிடப் பெரிது. படுத்துச் சுடுவதில் குண்டுக்குச் சராசரி ஒன்பதரைப் புள்ளியைத் தொடாதவருக்கு உச்ச ரகமும் நடு ரகமும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். தட்டுப்பாட்டில் டெனெக்ஸைத் தேடி அலைகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் தாள் பொய் சொல்லாது.

உள்நாட்டுச் சரக்கும் ஒரு வழி. அரசு ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1-இல் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, தோட்டா வேலை புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது. அந்தத் தொழிற்சாலைகளின் தோட்டா விலையில் சகாயம். குறை என்னவென்றால் ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று வேகம் மாறும்; குண்டுகள் தாளில் மேலும் கீழுமாகக் கோடு போட்ட மாதிரி விழும். ஆட்டத்தைப் பழகலாம், உதைப்பைப் பழகலாம். எங்கே விழுந்தது என்று பார்த்து உங்களைத் திருத்திக்கொள்ள முடியாது, தப்பு உங்களுடையதா தோட்டாவினுடையதா என்று தெரியாது. போட்டிக்குத் தயாராகிறவருக்கு இது பெரிய இழப்பு. வாரம் ஒருநாள் சந்தோஷத்துக்குச் சுடுகிறவர் இதை வாங்கிக்கொண்டு வெளிநாட்டுச் சரக்கைப் போட்டியாளருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது.

அடிக்கடி மாற்றுவதில் மறைந்திருக்கிற செலவு ஒன்று உண்டு. கம்பெனி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குழலில் பழைய பூச்சு போய்ப் புதுப் பூச்சு படிகிற வரை முதல் சில குண்டுகள் அங்கங்கே சிதறும். அப்புறம் சைட்டைத் திருப்ப இன்னும் சில. ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்றில் நாலில் ஒரு பங்கு இப்படியே கரையும். ஆகவே இரண்டு பாக்கெட் மட்டும் இருக்கிறது, அடுத்து அது வருமா என்று அண்ணாச்சிக்கே தெரியாது என்றால், நான் வாங்க மாட்டேன். பத்துப் பெட்டி ஒரே பேட்ச் எண்ணில் கிடைக்கும் என்றால் ரகம் சற்று மட்டமானாலும் வாங்குவேன். பிஸ்டல்காரர்களுக்கு இன்னொரு சோதனை: சில ரகத்தில் தானியங்கிப் பிஸ்டலின் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் அரைகுறையாகச் சிக்கும். ஒரு பெட்டி சுட்டுப் பார்க்காமல் மொத்தமாக இறங்காதீர்கள்.

காற்றுத் துப்பாக்கி

என் ஓட்டு இதற்குத்தான், காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும், அதாவது 4.5 மி.மீ.க்கும், வாய்த்திறன் (குழலைவிட்டு ஈய ரவை வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல்) 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. கடையில் அடையாளச் சான்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள், அவ்வளவுதான். ஒலிம்பிக்கில் பயன்படுகிற 10 மீட்டர் ரைஃபிளே ஏழரை ஜூல் சுமாருக்குத்தான் சுடுகிறது. அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினதும், மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் வெண்கலம் வாங்கினதும் இந்தச் சின்ன ரவையில்தான். அதை இரண்டாம்தர விளையாட்டு என்று நினைக்க இடமே இல்லை.

பத்து மீட்டர் குறிப்பலகையில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மி.மீ. பொட்டு. ரவையின் ஓரம் தொட்டாலும் கணக்கு என்பதால் மையம் இரண்டரை மி.மீ.க்குள் விழ வேண்டும். 50 மீட்டரில் இருந்த 8 மி.மீ. எங்கே, இந்த இரண்டரை எங்கே. தூரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததைக் கணக்கில் எடுத்தால், கோண அளவில் காற்றுத் துப்பாக்கி கொஞ்சம் சலுகை காட்டுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது, .22 குண்டின் பாதி. விசை தட்டியபின் அது குழலைவிட்டு வெளியேறுவதற்குள் கை அசைந்தால் அதையும் தாளில் எழுதிக் காட்டிவிடும். சுட்டபின் அசையாமல் நிற்பதைக் கற்றுக்கொடுப்பதில் இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

இதற்கும் ரவை வேண்டுமே, அதுவும் வெளிநாட்டுச் சரக்குத்தானே என்று கேட்பீர்கள். சரிதான். எச் அண்டு என் ஃபினாலே மேட்ச், ஆர்டபிள்யூஎஸ் ஆர் 10 எல்லாம் ஜெர்மனியிலிருந்து வருகின்றன, ஜேஎஸ்பி செக் நாட்டிலிருந்து. அவையும் சில மாதங்களில் அகப்படாது. ஆனால் ரவை ஈயமும் அச்சும் மட்டும்தான், உள்ளே மருந்து இல்லை. வெடிபொருள் விதி இல்லாததால் பார்சலில் வரும், ஐந்நூறு ரவைத் தகரடப்பி உள்ளங்கையில் அடங்கும், லைசென்ஸ் புத்தகத்தில் ஏறாது. பயிற்சிக்கு மலிவான ரவை போதும். டப்பியைத் திறந்து ஒரு பிடியைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பாருங்கள். பாவாடை மாதிரி விரிந்த பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தால் அதைத் தனியே போட்டுவிட்டு, மீதியைச் சுடுங்கள். தலை விட்டம் 4.49-ஆ 4.50-ஆ என்று தேடித் தேடி வாங்குவது, சராசரி ஒன்பதரைக்கு மேல் போகிறவர் செய்யட்டும். ஈயம் கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் முறுக்கை எடுத்து வாயில் போடாதீர்கள்.

எந்த வகைத் துப்பாக்கி? ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் மாதிரிப் போட்டி ரைஃபிள் லட்சக்கணக்கில் போகும். இந்தியாவிலேயே ப்ரிசிஹோல் மாதிரிக் கம்பெனிகள் செய்கிறவை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அடைத்த காற்றில் சுடும் பிசிபி ரகத்துக்கு உதைப்பே கிடையாது, பழக அருமை. ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்க வேண்டும். பெருநகரத்தில் அது பேச்சே இல்லை. இங்கே சிலிண்டர் நிரப்ப ஆள் தேடணும், இல்லாவிட்டால் கைப்பம்பு. ஐப்பசி மழைக்காலத்தில் கைப்பம்பால் அடித்தால் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். பம்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லை என்றால் ரப்பர் வளையங்களும் சிலிண்டரின் உட்பக்கமும் நாளடைவில் கெடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை, குழலை மடக்கினால் தீர்ந்தது. ஆனால் அது முன்னும் பின்னுமாக உதறும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் இன்னொரு இடம். அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ தனியாக இருந்து பழகுகிறவருக்கு நான் ஸ்பிரிங் ரகத்தையே சொல்வேன். பாளையங்கோட்டை மாதிரி நாலு பேர் சேர்ந்து ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளக் கூடிய இடத்தில் பிசிபி.

ஒரே ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றதும் மணிப்புறா, கொக்கு, வௌவால் என்று கிளம்புகிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காற்றுத் துப்பாக்கி என்று பார்த்து விட்டுவிடாது. கூந்தன்குளத்துக்காரர்கள் கூழைக்கடாவையும் பூநாரையையும் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிற மாவட்டம் இது. நமக்குத் தாள் போதும். பின்னால் தடுப்புக்குக் கனமான மரப்பெட்டியில் பழந்துணியை அமுக்கி அடைத்து வையுங்கள். இரும்புத் தகடு நேராக இருந்தால் ரவை திரும்பி முகத்துக்கு வரும்.

தோட்டாவே இல்லாமல்

வெற்றுச் சுடுதலை, அதாவது தோட்டா போடாமல் விசையைத் தட்டிப் பழகுவதை, எல்லாரும் புகழ்வார்கள், செய்கிறவர் குறைவு. அதில் சத்தமில்லை, தாளில் ஓட்டை இல்லை, பொழுதும் போகாது. அதற்கு ஒரு வழி, உங்கள் வீட்டு நீளத்துக்குத் தகுந்த மாதிரி குறியைச் சுருக்குவது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சாவில் நின்றால் பட்டாசல் கடந்து அடுக்களைச் சுவர் தெரியும். நேராக ஐந்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். பத்து மீட்டர் ரைஃபிள் தாளின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; ஐந்து மீட்டரில் அதைப் பாதியாக்கி 15.25 மி.மீ. வட்டமாக அச்சடித்து, உங்கள் கண்மட்டத்துக்குத் தகுந்த உயரத்தில் ஒட்டினால் கண்ணுக்கு அதே காட்சிதான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இருபது முறை, ஒவ்வொரு முறையும் விசை விழும் நொடியில் முன் சைட் எங்கே நின்றது என்று வாயால் சொல்லிக்கொண்டு. அதைச் சொல்லத் தெரிந்துவிட்டால் தாளைப் பார்க்காமலே எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடும்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இது ஆகாது. .22 ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் விசையைத் தட்டினால் அடிக்கிற ஊசி குழலின் பின்பக்க விளிம்பில் இடித்து இரண்டும் தழும்பாகும். அதற்கென விற்கிற பொய்த் தோட்டாவை உள்ளே போட்டுத் தட்டுங்கள், அல்லது உங்கள் மாடலுக்குக் கம்பெனி அனுமதித்திருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஸ்பிரிங் ரகத்தில் ரவை இல்லாமல் தட்டவே கூடாது. முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் முழு வேகத்தில் இடித்து உடையும். போட்டி பிசிபி ரைஃபிளில் வெற்றுச் சுடுதலுக்கென்றே ஒரு விசை நிலை உண்டு. எந்தத் துப்பாக்கியானாலும் உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

ரஷ்யாவின் ஸ்காட் மாதிரி மின்னணுப் பயிற்சிக் கருவி குழலில் ஒட்டினால், குறி எப்படி அலைந்தது என்று கணினியில் கோடு கோடாக வரைந்து காட்டும். நல்ல மாடல் லட்சத்தைத் தாண்டும். தனியாக வாங்குவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து கிளப்புக்கு வாங்கினால் ஒரு வருஷத் தோட்டாச் செலவுக்குள் முடிந்துவிடும். அது காட்டுகிற கோட்டைப் பார்த்தபின் பாதிப் பேருக்குத் தோட்டா ஆசையே குறையும். குண்டு போவதற்கு அரை நொடி முன்பே கை சரிந்துவிடுகிறது என்று தெரிந்தபின் சுட்டு என்ன பிரயோஜனம்? ஃபோனில் பார்க்கிற லேசர் தோட்டா சல்லிசு. பிஸ்டலை எடுத்து நீட்டிப் பழக உதவும், துல்லியத்துக்கு உதவாது.

வெளியூர் போய்ச் சுடுவது

மதுரைக்கு நாலுவழிச் சாலையில் 155 கிலோமீட்டர் சொச்சம். பெரிய கிளப்புகளுக்கு மொத்தமாகத் தோட்டா ஒதுக்கீடு கிடைக்கும். உறுப்பினர் ரேஞ்சிலேயே வாங்கி அங்கேயே சுட்டுக் காலி கூட்டை ஒப்படைத்துவிட்டு வருகிற ஏற்பாடு நடக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு காரில் மாதம் ஒருமுறை போய் வருவது மோசமில்லை, திரும்பும்போது சாத்தூரில் காராச்சேவும் ஆச்சு. ஆனால் தட்டுப்பாடு முற்றினால் கிளப்புகள் தங்கள் உறுப்பினருக்கும் போட்டியாளருக்கும் மட்டும் என்று கதவைச் சாத்திவிடும். நிலையான உறுப்பினராகச் சேருகிற மனசில்லாமல் இதை நம்பி இருக்காதீர்கள்.

கைமாற்றும் பழைய தோட்டாவும்

நண்பரிடம் ஒரு பெட்டி வாங்கி அடுத்த மாதம் திருப்பித் தருவது வழி இல்லை. ஒரு லைசென்ஸின் தோட்டா இன்னொருவர் கைக்கு அப்படிப் போகக் கூடாது. வீட்டிலேயே நிரப்பிக்கொள்வதும் அப்படித்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் தோட்டா தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. அதற்கும் மேலே, .22-இன் வெடிப்பூச்சு பித்தளை விளிம்புக்குள் அடைத்திருப்பதால் அதை மறுபடி நிரப்புவது நடைமுறையில் நடக்காத காரியம்.

தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்த தோட்டாவை எடுத்துச் சுடுகிறவர்களுக்கு ஒரு சொல். விசை தட்டியும் வெடிக்கவில்லை என்றால் குழலைக் குறிப்பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுங்கள், தாமதமாக வெடிக்கும். சத்தம் பொசுக்கென்று குறைவாகக் கேட்டால் அடுத்ததைப் போடாதீர்கள். முந்தின குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும், மேலே இன்னொன்று போனால் குழல் புடைத்துவிடும்.

மிச்சப்படுத்தின தோட்டாவை எங்கே செலவழிப்பது

பெரும்பாலோர் சேமித்த .22-ஐக் காற்றில்லாத காலை நேரத்தில் குண்டெல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி விழுவதைப் பார்த்து மகிழச் செலவழிக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. காற்றில்லாமல் சுடுவதைத் தார்சாவிலேயே பழகிவிட்டோமே.

நம் சீமைக்கு ஆனி, ஆடிக் காற்று என்று ஒன்று இருக்கிறது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் நுழைந்து பணகுடி, ராதாபுரம், கயத்தாறு காற்றாலைகளையெல்லாம் சுழற்றுகிற காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று அடித்தாலே 50 மீட்டரில் .22 குண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் அழகாகத் தட்டின பத்து, தாளில் எட்டாகவோ ஏழாகவோ விழும். நம் ஊர்க் காற்று 16-இல் நிற்பதும் இல்லை. சென்னைக்காரர் காசு கொடுத்தும் பெற முடியாத பயிற்சிக்களம் இது. கொடியோ, ரிப்பன் கட்டின குச்சியோ இரண்டை 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நட்டு, காற்று ஏறும்போது காத்திருந்து, ஒரே மாதிரி அடங்கும்போது மட்டும் சுடப் பழகுங்கள். ஒரு மத்தியானத்துக்கு இருபது தோட்டா போதும். அதில் பாதி நேரம் சுடாமல் இறக்கி வைப்பதுதான் பாடம்.

உலகப் போட்டியே இப்போது தோட்டாவைக் குறைத்துவிட்டது. ஆண்கள் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்குத் தகுதிச் சுற்றில் டோக்கியோ வரை 120 குண்டு, 2024 பாரிஸில் 60. ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது இந்த அறுபது குண்டுப் போட்டியில்தான். ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் மேலே. முழுப் போட்டி ஒத்திகை மாதத்துக்கு ஒன்று, காற்றுப் பயிற்சி இரண்டு என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டு பெட்டியில் வண்டி ஓடும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் இந்தக் கணக்கும் நிற்கும். லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி வீரர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், மாவட்டக் குழு முடிவு செய்யும். அந்த வாரங்களுக்கும் காற்றுத் துப்பாக்கிதான் துணை.

பன்னிரண்டு போர்

பன்னிரண்டு போர் டபுள் பேரல் ஷாட்கன்னில் பறக்கிற களிமண் தட்டு சுடுகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ட்ராப் என்கிற தட்டுச் சுடும் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை அனுமதி. ஒரு சுற்றுக்கே ஐம்பது கரையலாம். ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டு. நகரும் தட்டைத் துரத்துகிற கையை வீட்டுச் சுவரைப் பார்த்துப் பழக்க ஓரளவுதான் முடியும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கோட்டைக் குழல்முனையால் ஒரே வேகத்தில் வருடிக்கொண்டே போகும் பயிற்சியைத் தினம் செய்யுங்கள், துப்பாக்கி தோளில் ஏறும் வாகு கைவரும். தட்டு உடைவது அதனால் மட்டும் வராது. இவர்களுக்கு உள்நாட்டுத் தோட்டாவே முதல் தேர்வு. புனேயிலுள்ள கட்கித் தொழிற்சாலையின் 12 போர் தோட்டா பல பத்தாண்டுகளாக நாடு முழுக்கப் புழங்குகிறது. போட்டி விதி 24 கிராம் ஈயம் என்கிறது. நாட்டுச் சரக்கில் எடையும் ரவை அளவும் வேறாக இருக்கும், தோளும் கூடுதலாக வலிக்கும். பயிற்சிக்கு அதைச் சுட்டு, 24 கிராமைப் போட்டிக்கு முந்தின வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கனம், பயிற்சியில் தட்டுக்கு ஒரே தோட்டா என்று வைத்துக்கொள்வது. செலவு பாதியாவதோடு, இரண்டாவது குண்டை நம்பி முதல் குண்டை அவசரப்படுத்துகிற கெட்ட பழக்கமும் போகும்.

2024 ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமானின் ஊரான புதுக்கோட்டைதான் தென்பக்கம் இந்த விளையாட்டுக்குப் பேர்போனது. நமக்கு அங்கே போய்வர ஒரு நாள் முழுதாகப் போகும். கிளம்புமுன் போன் போட்டுத் தட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், தோட்டா இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.